சென்னை ஏர்போர்ட்டில் ஒன்பதரை மணி நேரம்: மாமல்லபுரம் போய் வந்த வரவு செலவுக் கணக்கு

இந்த வாரம் எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், வரி எதுவும் கிடையாது. சரி, வரி கொஞ்சம் வரும். அது இல்லாமல் எனக்கு எழுத வராது.

உங்களில் பல பேர் ஆன்சைட் போய் வருகிறீர்கள். சிங்கப்பூர், துபாய், தோஹா என்று வேலை பார்க்கிற அண்ணன், அக்கா வீட்டுக்கு அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறீர்கள். சொந்த ஊர் தூத்துக்குடி, சேலம் மாதிரி இருந்தால் திரும்பி வரும்போது சென்னையில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு நேரத்தைத்தான் லேஓவர் என்கிறோம். அதில் ஒரு தடவை 15,000 ரூபாய் தோற்று, அடுத்த தடவை கிட்டத்தட்ட செலவே இல்லாமல் ஒரு நல்ல நாளைச் சம்பாதித்த கதையைச் சொல்றேன்.

முதல் தடவை, 2023 ஜனவரி. அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அம்மாவுக்கு விமானம் என்றாலே பயம், வரவே மாட்டேன்னுட்டாங்க. நானும் அப்பாவும் சிங்கப்பூர் போய்விட்டுத் திரும்பினோம். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குத் தனியாக இன்னொரு டிக்கெட். இரண்டையும் ஒரே புக்கிங்கில் போட்டால் விலை கூட. தனித்தனியாகப் போட்டதில் இரண்டு பேருக்கும் சேர்த்து 2,600 ரூபாய் மிச்சம். சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் மூளை வேலை செய்கிறது என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

சிங்கப்பூர் விமானம் 1 மணி 50 நிமிடம் தாமதம். இமிக்ரேஷன், பெட்டி, சுங்கம் எல்லாம் முடித்து ஓடிப் போய் நின்றால் உள்நாட்டு விமானத்தின் செக்-இன் கவுண்டர் மூடிவிட்டது. பொதுவாகப் புறப்படுவதற்கு 60 நிமிடம் முன்னால் மூடிவிடுவார்கள். "உங்க முதல் விமானம் லேட் ஆனதுக்கு நாங்க எப்படி சார் பொறுப்பு?" என்றார் கவுண்டரில் இருந்த பெண். அவர் சொன்னது சரி. இரண்டும் வேறு வேறு ஒப்பந்தங்கள். என்னுடைய தாமதத்துக்கு நான்தான் பொறுப்பு.

சாயங்கால விமானத்துக்குப் புது டிக்கெட், ஒருவருக்கு 6,900. இரண்டு பேருக்கு 13,800. அதோடு முடியவில்லை. வெளிநாட்டு டிக்கெட்டில் பெட்டி எடை தாராளம். தனியாக வாங்கின உள்நாட்டு டிக்கெட்டில் ஒருவருக்கு 15 கிலோதான். எங்களிடம் 9 கிலோ அதிகம். கிலோவுக்கு 550 ரூபாய் வீதம் 4,950.

வீணான டிக்கெட்டில் ஒன்று மட்டும் திரும்பக் கிடைத்தது. இது நிறைய பேருக்குத் தெரியாது. நீங்கள் விமானத்தைத் தவறவிட்டாலும், டிக்கெட் "நான்-ரிஃபண்டபிள்" என்று போட்டிருந்தாலும், அதில் இருக்கிற வரிகளையும் விமான நிலையப் பயனாளர் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது டிஜிசிஏ விதி. நீங்கள் பறக்கவில்லை என்றால் விமான நிலையத்தைப் பயன்படுத்தவும் இல்லையே. ஆனால் பல நேரம் நாமாகக் கேட்டால்தான் வரும். நான் கேட்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து 1,150 வந்தது.

கணக்கு: 13,800 கூட்டல் 4,950, கழித்தல் 1,150, கழித்தல் நான் பெருமையாக மிச்சம் பிடித்த 2,600. நிகர நஷ்டம் 15,000 ரூபாய். அந்த மாத எஸ்ஐபி தொகை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சாயங்காலம் வரை எட்டு மணி நேரம் இருந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் 34 வருஷம் உப்பளக் கம்பெனியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். நஷ்டம் வந்த நாளில் எதிராளியிடம் பேசக்கூடாது என்று தெரிந்தவர். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "ஏலே, மகாபலிபுரம் இங்கனதான பக்கத்துல?"

அவருடைய ஆபீஸில் ஒரு பழைய காலண்டர், தேதித் தாள் எல்லாம் தீர்ந்த பிறகும், படத்துக்காகவே சுவரில் வருஷக்கணக்கில் தொங்கியது. பஞ்ச ரதம் படம். சின்ன வயதில் நானும் பார்த்திருக்கிறேன். கேட்ட கேள்விக்கு நான் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "அதெல்லாம் இப்ப முடியாதுப்பா, ஏற்கெனவே காசு போச்சு" என்று சொல்லிவிட்டேன். எட்டு மணி நேரமும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தோம். சாண்ட்விச், காபி, தண்ணீர் பாட்டில் என்று 1,940 ரூபாய் அங்கேயும் போனது.

இரண்டாவது தடவை, 2025 பிப்ரவரி. இந்த முறை டிக்கெட் போடும்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

ஒரே பிஎன்ஆரில் சிங்கப்பூர்–சென்னை–தூத்துக்குடி. இரண்டு வாய்ப்பு இருந்தது. சென்னையில் 2 மணி 20 நிமிடம் காத்திருந்தால் ஒருவருக்கு 14,900. 9 மணி 30 நிமிடம் காத்திருந்தால் 13,100. பல நேரங்களில் நீளமான லேஓவர் உள்ள டிக்கெட்தான் விலை குறைவு, ஏனென்றால் அதை யாரும் விரும்புவதில்லை. எல்லோரும் "டியூரேஷன்" என்ற பட்டனை அமுக்கி வரிசைப்படுத்துகிறார்கள். இரண்டு பேருக்கு 3,600 ரூபாய் வித்தியாசம். மாமல்லபுரம் போக இதுதான் பட்ஜெட் என்று வைத்துக்கொண்டேன்.

ஒரே பிஎன்ஆர் என்றால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும், கூடுதல் காசு இல்லாமல் மாற்று விமானத்தில் அனுப்புவது அந்த நிறுவனத்தின் வேலை. உங்கள் தலைவலி இல்லை. பெட்டி எடையும் வெளிநாட்டு டிக்கெட் அளவிலேயே கடைசி வரை போகும். ஆனால் ஒன்று, பெட்டி நேராகத் தூத்துக்குடிக்கு வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியாவில் முதலில் எங்கே இறங்குகிறீர்களோ அங்கேதான் பெட்டியை எடுத்து சுங்கத்தைத் தாண்ட வேண்டும். சென்னையில் எடுத்து, உள்நாட்டு முனையத்தில் மறுபடி போட வேண்டும். வெளிநாட்டு விமானங்களுக்கு டெர்மினல் 2 (2023 ஏப்ரலில் திறந்த புதுக் கட்டடம்), உள்நாட்டுக்கு 1, 4. எல்லாம் ஒரே வளாகம்தான், நடந்தே போகலாம்.

சரி, ஒன்பதரை மணி நேரம். இது உங்கள் சிடிசி மாதிரி. ஆஃபர் லெட்டரில் பெரிதாகத் தெரியும். கைக்கு வருகிற டேக்-ஹோம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. பிடித்தம் போட்டுப் பார்ப்போம்.

காலை 5.40-க்குத் தரையிறக்கம். இமிக்ரேஷன், பெட்டி, சுங்கம் எல்லாம் முடித்து வெளியே வர 7 மணி. ஏர்போர்ட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் 50 கிலோமீட்டர், காலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம். ஆக 8.30-க்கு அங்கே. திரும்பும் விமானம் பிற்பகல் 3.10. உள்நாட்டு விமானத்துக்கு 2 மணி நேரம் முன்னால், அதாவது 1.10-க்கு ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். திரும்புவதற்கு ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் அரை மணி நேரம் பஞ்சர், டிராஃபிக் என்று ஒதுக்கீடு. அப்படியானால் மாமல்லபுரத்தை விட்டு 11.10-க்குக் கிளம்ப வேண்டும்.

8.30 முதல் 11.10 வரை. 2 மணி 40 நிமிடம். ஒன்பதரையில் பிடித்தம் போகக் கையில் வருவது இவ்வளவுதான். 6 மணி 50 நிமிடம் போக்குவரத்துக்கும் வரிசைக்கும் போகிறது. இந்த 6 மணி 50 நிமிடத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லேஓவர் ஏழு மணி நேரம் என்றால் மாமல்லபுரத்தில் உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம். போகாதீர்கள். எட்டரைக்கு மேல் இருந்தால் யோசிக்கலாம். அடுத்தது வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னால் வரணும், அதனால் பத்து மணி நேரமாவது வேண்டும். ஞாயிறு சாயங்காலம் என்றால் கணக்கே வேண்டாம். ஊருக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பி வருகிற நேரத்தில் வண்டலூர், பெருங்களத்தூரில் நிற்கிற ஜிஎஸ்டி ரோடு உங்கள் விமானத்துக்காக நகராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை அறிவிப்பு இருந்தாலும் அப்படியே.

வண்டி விஷயம். ஆப்பில் மாமல்லபுரம் என்று போட்டால் பல நேரம் "அவுட்ஸ்டேஷன்" என்று காட்டும். அதில் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவார்கள். நாம் ஓடப்போவது 108 கிலோமீட்டர். ஓடாத தூரத்துக்குக் காசு. அதற்குப் பதில் 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் வாடகை பேக்கேஜைக் கேளுங்கள். எனக்கு பேக்கேஜ் 2,400, கூடுதல் 28 கிலோமீட்டருக்கு 16 ரூபாய் வீதம் 448, டோல், பார்க்கிங் 252. மொத்தம் 3,100. வண்டி ஏறுவதற்கு முன்னாலேயே கூடுதல் கிலோமீட்டர் விலையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டேன். பெட்டி எல்லாம் டிக்கியில். பாஸ்போர்ட், லேப்டாப், அம்மாவுக்கு வாங்கின சங்கிலி மட்டும் கைப்பையில் கூடவே. வண்டி நம்பர் பிளேட்டையும் டிக்கியில் பெட்டி இருப்பதையும் ஒரு போட்டோ எடுத்தேன். டிரைவர் சிரித்தார். "எடுத்துக்கோங்க சார், எனக்கும் நல்லது" என்றார்.

பஸ்ஸில் போகலாமா என்று கேட்பீர்கள். தாம்பரத்திலிருந்து 515 மாமல்லபுரம் போகிறது, வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் வழி. அல்லது ஏர்போர்ட்டுக்கு எதிரே ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டினால் திரிசூலம் ஸ்டேஷன். அங்கே மின்சார ரயில் பிடித்துச் செங்கல்பட்டு, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ். தனி ஆளாக, முதுகுப் பை மட்டும், பன்னிரண்டு மணி நேரம் கையில் என்றால் தாராளமாக. நூறு, இருநூறு ரூபாயில் முடியும். கொளவாய் ஏரியை ரயில் ஜன்னலில் பார்க்கலாம். இரண்டு பெட்டியும் எழுபது வயது அப்பாவும் இருந்தால் வேண்டாம். அங்கே சேமிக்கிற காசு சேமிப்பு இல்லை.

போகும்போது வண்டலூர், கேளம்பாக்கம் வழி. அப்பா ஜன்னல் பக்கம். கடல் தெரிந்ததும், "நம்ம ஊர்ல இல்லாத கடலா, இதுக்கால இவ்வளவு துட்டு?" என்று ஆரம்பித்தார். அவருக்குப் போக வேண்டும் என்று ஆசை. ஆனால் நான் செலவு செய்கிறேன் என்பதால் அதைக் காட்டமாட்டார். நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் இப்படித்தானே.

கடற்கரைக் கோயில், பஞ்ச ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறைப் பக்கம் எல்லாவற்றுக்கும் தொல்லியல் துறையின் ஒரே டிக்கெட். நான் போனபோது இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. அன்றைக்கு முழுக்கச் செல்லும். அதனால் முதல் இடத்தில் காட்டிவிட்டுக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பம் அப்படிப் போட்டுவிட்டு, ரதத்தில் மறுபடி ஐந்து டிக்கெட் எடுத்தது. வெளிநாட்டுச் சக ஊழியர் உங்களோடு இருந்தால், ஏர்போர்ட்டை விட்டு வெளியே வரவே அவருக்கு விசா வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சென்னையில் இ-விசா செல்லும்.

முதலில் கடற்கரைக் கோயில். காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் அங்கே போய்விட வேண்டும். இரண்டாம் நரசிம்மவர்மன் என்கிற ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. ரதங்கள் மாதிரி பாறையைக் குடையாமல், கல்லை அடுக்கிக் கட்டிய கோயில். உப்புக் காற்று 1,300 வருஷமாக அரித்ததில் சிற்பங்களின் முகம் எல்லாம் மழுங்கிப் போயிருக்கும். அப்பா ஒரு நந்தியைத் தடவிப் பார்த்தார். "உப்பு வேலைல இது. எங்க கம்பெனி தராசுக் கல்லும் இப்படித்தான் ஆச்சு" என்றார். எந்த கைடும் இதைச் சொல்லியிருக்கமாட்டார்.

பிறகு பஞ்ச ரதம். காலண்டர் படம். திரௌபதி, அர்ச்சுனன், பீமன், தருமராசர், நகுல சகாதேவர் என்று பெயர் சொல்கிறார்கள். ஆனால் பாண்டவர்களுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, பெயர் பின்னால் வந்தது. ஏழாம் நூற்றாண்டில், நின்ற பாறைகளை மேலிருந்து கீழாகச் செதுக்கி எடுத்தவை. மேலே சிகரம் நுணுக்கமாக முடிந்திருக்கும். கீழே அடித்தளம் அப்படியே பாறையாக நிற்கும். எதுவும் முழுதாக முடியவில்லை, அவற்றில் வழிபாடும் இல்லை. அப்பா பீம ரதத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஏன்ல முடிக்காம விட்டான்?" என்று கேட்டார். "பட்ஜெட் தீர்ந்திருக்கும்" என்றேன். "ராசாவுக்கா? அவன் செத்திருப்பான். அடுத்து வந்தவன் புதுசா வேற ஆரம்பிச்சிருப்பான்" என்றார். நான் நகராட்சி, மாநகராட்சி ஆடிட் நிறையப் பார்த்தவன். அப்பா சொன்னதை மறுக்க முடியவில்லை.

காலண்டரில் யானை ஒரு ஓரத்தில் பாதிதான் தெரியுமாம். முழு யானை இருக்கிறது என்று இவ்வளவு வருஷமாகத் தெரியாது என்று சொன்னார். அதன் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தேன். அன்றைக்கு எடுத்த படங்களில் அது ஒன்றில்தான் அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

அடுத்து அர்ச்சுனன் தபசு. சாலையோரத்திலேயே இருக்கிறது. ஏறத்தாழ 30 மீட்டர் அகலப் பாறை முழுக்கத் தேவர்கள், முனிவர்கள், யானைகள். அர்ச்சுனன் தவமா, கங்கை இறங்குவதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நீங்கள் யானைக்குப் பக்கத்தில் கீழே பாருங்கள். ஒரு பூனை, ஒற்றைக்காலில், முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள் நம்பிக்கையோடு நிற்கின்றன. "வருஷம் 12 சதவீதம் உறுதி சார்" என்று போன் செய்கிற ஏஜென்ட்டை எனக்கு அப்படியே பார்த்த மாதிரி இருந்தது. பல்லவன் காலத்திலேயே இவன் இருந்திருக்கிறான். நம் சேனலின் அடுத்த தம்ப்நெயில் அந்தப் பூனைதான்.

வெண்ணெய் உருண்டைப் பாறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் அதன் முன் நின்ற படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நிழலில் உட்கார நல்ல இடம். கடலில் இறங்காதீர்கள். அங்கே இழுவை அதிகம், ஈரத் துணியோடு விமானமும் ஏற முடியாது.

டிபன் இரண்டு பேருக்கும் 310. இளநீர் 120. ஏர்போர்ட் சாண்ட்விச்சை நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

கடைசிப் பத்து நிமிடம்தான் ஆபத்தானது. மாமல்லபுரத்தில் இன்றைக்கும் தெருவுக்குத் தெரு உளிச் சத்தம் கேட்கும். 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அப்பா ஒரு பட்டறை முன்னால் நின்றுவிட்டார். சிலை எதையும் பார்க்கவில்லை. இஞ்சி, பூண்டு தட்டுகிற சின்ன கருங்கல் இடிகல்லும் குழவியும். நாலு கிலோ இருக்கும். 650 ரூபாய். "உங்கம்மா மிக்ஸில அரைச்சா ருசியில்லன்னு சொல்லிக்கிட்டே இருக்கா" என்றார்.

இங்கேதான் பிஎன்ஆர் கணக்கு மறுபடி வருகிறது. எங்கள் டிக்கெட்டில் ஒருவருக்கு 25 கிலோ. பெட்டிகள் 21, 22 கிலோ இருந்தன. நாலு கிலோ கல்லைச் சேர்த்தாலும் 47, வரம்பு 50. ஒரு பைசா கூடுதல் இல்லை. 2023 மாதிரி தனி டிக்கெட் வாங்கியிருந்தால் வரம்பு 30. பதினேழு கிலோ அதிகம், 550 வீதம் 9,350 ரூபாய். 650 ரூபாய் இடிகல்லை அப்போது நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். நீங்கள் வாங்கினால் செக்-இன் பெட்டிக்குள் துணி சுற்றி வையுங்கள். கைப்பையில் வைத்தால் குழவியை செக்யூரிட்டி நிறுத்த வாய்ப்பு அதிகம்.

1 மணிக்கு ஏர்போர்ட். கணக்கு: வண்டி 3,100, நுழைவு 80, டிபன் 310, இளநீர் 120. மொத்தம் 3,610. டிக்கெட்டில் மிச்சம் 3,600. அன்றைய நாளுக்கு எங்கள் கையை விட்டுப் போனது பத்து ரூபாய். (இடிகல் மூலதனச் செலவு, இதில் சேராது.)

இப்போது நீங்கள் கேட்கப்போகிற சில்லறைக் கேள்விகளுக்கு வருகிறேன்.

"சார், லவுஞ்ச் இருக்கே, எதுக்கு வெளியே போகணும்?" லவுஞ்ச் நல்லதுதான், லேஓவர் நாலைந்து மணி நேரம் என்றால். ஆனால் பல வங்கிகள் இப்போது முந்தைய காலாண்டில் குறிப்பிட்ட தொகை செலவு செய்தால்தான் அனுமதி என்று மாற்றிவிட்டன. அந்தத் தொகையை எட்டுவதற்காகத் தேவையில்லாததை வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆயிரம் ரூபாய் பஃபேக்கு பத்தாயிரம் ரூபாய் ஷாப்பிங். கார்டின் ஆண்டுக் கட்டணம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, கூட வருகிறவருக்குத் தனிக் கட்டணம், இவ்வளவையும் கூட்டி, வருஷத்தில் எத்தனை தடவை போகிறீர்களோ அதால் வகுத்துப் பாருங்கள். ஒரு தடவைக்கு எவ்வளவு என்று தெரிந்த பிறகு இட்லி தொண்டையில் இறங்கினால் சரி.

கார்டு என்றதும் இன்னொன்று. வெளிநாட்டு ஏர்போர்ட்டில் மெஷினில் "இந்திய ரூபாயிலா, உள்ளூர் நாணயத்திலா" என்று கேட்டால் எப்போதும் உள்ளூர் நாணயம். ரூபாயை அமுக்கினால் அந்தக் கடையின் மெஷின் வைக்கிற விலைதான் மாற்று விகிதம். சாதாரண கார்டுகளில் வழக்கமாக இருக்கிற 3.5 சதவீத மார்க்கப்பும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 4.13 சதவீதம். 50,000 ரூபாய் செலவுக்கு 2,065. மார்க்கப் இல்லாத கார்டு ஒன்று கையில் இருந்தால் மாமல்லபுரம் வண்டி வாடகையில் மூன்றில் இரண்டு பங்கு அதிலேயே வந்துவிடும். மீந்துபோன டாலரை ஏர்போர்ட் கவுண்டரில் அவசரமாக மாற்ற வேண்டாம். 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வெளிநாட்டுப் பணத்தை நீங்கள் கையில் வைத்துக்கொள்ளச் சட்டமே அனுமதிக்கிறது.

"எல்டிஏவில் போடலாமா?" முடியாது. எல்டிஏ விலக்கு பழைய வரி முறையில் மட்டும்தான், அதிலும் இந்தியாவுக்குள் லீவில் போகிற பயணக் கட்டணத்துக்கு மட்டும். ஊர் சுற்றின வண்டி, டிபன், நுழைவுச் சீட்டு எதுவும் வராது. ஆபீஸ் வேலையாகப் போய்விட்டு வரும்போது இந்த 3,100 ரூபாய் பில்லை டூர் கிளெய்மில் நுழைக்கிற யோசனையும் வேண்டாம். தினப்படிக்கு வரி விலக்கு, வேலைக்காக உண்மையில் செலவு செய்த அளவுக்குத்தான். எத்தனை ஆடிட்டில் பில்லில் இருக்கிற தேதியையும் ஊரையும் வைத்தே பிடித்திருக்கிறேன் தெரியுமா?

ஆன்சைட்டில் இருக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரிக்கு நீங்கள் இந்தியவாசியா என்பது நாள் கணக்கு. அந்த நிதியாண்டில் வேலைக்காக வெளிநாடு போன இந்தியர் என்றால் இந்தியாவில் 182 நாள் என்பதுதான் முக்கிய எல்லை. சென்னையில் இமிக்ரேஷனைத் தாண்டி வெளியே வந்து மாமல்லபுரம் பார்த்துவிட்டு மறுபடி பறந்தால் அந்த நாள் இந்தியாவில் இருந்த நாளாகக் கணக்கில் வரும். வந்து இறங்கின நாளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் தீர்ப்புகளே இரண்டு பக்கமும் இருக்கின்றன. 179, 180-இல் நிற்கிறவர்கள் கடற்கரைக் கோயிலை ஏப்ரலுக்குத் தள்ளிவையுங்கள். கோயில் எங்கும் போகாது.

விமானம் உங்களால் இல்லாமல் தாமதமானால்? உள்நாட்டில் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். அதற்குக் குறைவான தாமதத்திலும், பறக்கும் நேரத்தைப் பொறுத்து இரண்டு முதல் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனால், சாப்பாடும் தண்ணீரும் தர வேண்டும். கேட்டால் கூப்பன் கொடுப்பார்கள்.

நேரம் குறைவா? ஐந்தாறு மணி நேரம்தான் என்றால் திரிசூலம் ஸ்டேஷனைத் தாண்டி மலையடிவாரத்தில் சோழர் காலத்துத் திரிசூலநாதர் கோயில் இருக்கிறது, போய்வர ஒரு ஆட்டோ போதும். பக்கத்துப் பல்லாவரத்தில்தான் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தார். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் வைத்திருக்கவில்லை, ஆனால் ஜிஎஸ்டி ரோட்டில் நிற்கும்போது நினைத்துக்கொள்ளலாம். வண்டலூர் உயிரியல் பூங்காவும் முட்டுக்காடு தட்சிணசித்ராவும் செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

எதிர்ப்பக்கம், சிங்கப்பூர் சாங்கியில் உங்களுக்கு லேஓவர் என்றால், ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பவர்களுக்கு இலவச நகரச் சுற்றுலாவே வைத்திருக்கிறார்கள். நம் ஊர் ஏர்போர்ட்டில் அப்படி ஒன்று இல்லை. இவ்வளவு பக்கத்தில் 1984-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற ஒரு ஊர் இருந்தும்.

தூத்துக்குடியில் இறங்கி வீட்டுக்குப் போனதும் அம்மா சங்கிலியை அப்படியே வைத்துவிட்டு இடிகல்லைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தாங்க. கவிழ்த்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, "நல்ல கல்லு. எவ்வளவு குடுத்தீய?" என்று கேட்டாங்க. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "முந்நூறு" என்றார். 34 வருஷக் கணக்குப்பிள்ளை. என் கண்ணைப் பார்க்கவே இல்லை.